செரெங்கெற்றியும் மசாய் மக்களும்

ஆண்டுதோறும் தை, மாசி மாதங்களில், தன்சானியாவின் வடபாலுள்ள செரெங்கெற்றிச் சமவெளியின் தென்பாகம் உயிர்கள் பிறக்கும் பெருங்களமாகின்றது. எரிமலைச் சாம்பல் படிந்த அம்மண்ணின் குறும்புல் பாலூட்டும் தாய்விலங்குகளுக்கு மிக உகந்தது. வில்டபீஸ்ற் என்னும் மானினத்தின் கன்றுகளிற் பெரும்பாலானவை சில வாரங்களுக்குள் அங்கு பிறந்துவிடுகின்றன. வைகாசியிற் புல் காய, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அவ்விலங்குகள் வரிக்குதிரைகளோடு வடமேற்கே பெயர்கின்றன. ஆடி, ஆவணியில் மாரா ஆற்றைக் கடந்து கென்யாவை அடைகின்றன. கார்த்திகை மழையோடு தெற்கே மீள்கின்றன.

மனிதனின் கைபடாத ஆதி இயற்கை என்று இதனை உல்லாசப் பிரயாணிகளுக்குக் காட்டுவர். வரலாற்றை நோக்கின் உண்மை வேறாதலை நாம் காணலாம்.

மசாய் மக்கள் இப்பருவச் சுழற்சியோடு இயைந்து வாழ்ந்த இடையர். வில்டபீஸ்ற் கன்றுகளிடமிருந்து பரவும் நோய் தம் மாடுகளைக் கொல்லும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். எனவே அவை ஈனும் பருவத்திற் குறும்புல் வெளியை விட்டு, மேட்டு நிலங்களுக்கு மந்தைகளை ஓட்டிச் சென்றனர். அந்நோய்க்குக் காரணம் ஒரு வைரசு என்பதை விஞ்ஞானம் பின்னரே கண்டது.

1880களின் இறுதியில், இத்தாலியப் படையெடுப்புக் காலத்தில், ஆபிரிக்காவின் வடகிழக்கிற் புகுந்த மாட்டு வெக்கை நோய் தெற்கே பரவியது. 1890களில் கிழக்காபிரிக்க மாடுகளிற் பெரும்பகுதி மாண்டது. பஞ்சமும் பெரியம்மையும் மக்களைக் கொன்றன. இவ்வாறு வெறுமையாக்கப்பட்ட நிலத்தையே ஐரோப்பியர் ஆதி வனமென மயங்கினர்.

1951இல் பிரித்தானிய ஆட்சி செரெங்கெற்றியைத் தேசிய வனமாக்கியது. மனிதர், சுதேசிகளாயினும், தேசிய வனத்துள் வாழலாகாதென ஜெர்மானியரான பேர்ண்ஹார்ட் கிர்சிமெக் வாதிட்டார். 1959இல் மசாய் மக்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். அயலிலுள்ள இங்கொரொங்கோரோவில் வாழும் உரிமை அவர்களுக்கு வாக்களிக்கப்பட்டது.

அதன்பின் நிகழ்ந்தது சிந்தனைக்குரியது. 1961இல் ஏறக்குறைய 250,000 ஆக இருந்த வில்டபீஸ்ற் தொகை, 1977 அளவில் 13 இலட்சமாயிற்று. இப்பெருக்கத்தின் முதன்மைக் காரணம் மக்களை அகற்றியதன்று. வனத்தைச் சூழ வாழ்ந்த இடையரின் மாடுகளுக்குத் தடுப்பூசி ஏற்றப்பட, காட்டு விலங்குகளிடையேயும் வெக்கை நோய் மறைந்தது. அந்நோய் உலகினின்றே ஒழிந்ததென 2011இற் பிரகடனம் செய்யப்பட்டது. எந்த மாடுகளை வனத்தின் பகை என்றனரோ, அவற்றின் நலமே வனத்தின் காவலாயிற்று!

1961இல் தங்கனிக்கா சுதந்திரம் பெற்றது; ஆயின் ஏகாதிபத்தியம் விட்டுச் சென்ற கருத்து அகலவில்லை. 2022இல் லொலியொண்டோவில் 1,500 சதுர கிலோமீற்றர் மேய்ச்சல் நிலம் வேட்டை விலங்குகளுக்கென எல்லையிடப்பட்டபோது, எதிர்த்த மசாய் மக்கள்மீது துப்பாக்கிகள் நீண்டன.

விலங்கினம் அழியவேண்டுமென எவரும் கூறார். ஆனால் அதனைக் காக்கும் செலவை யார் தலையிற் சுமத்துவது என்பதே வினா. மாரா ஆற்றைக் கடக்கும் மந்தைகளின் படத்தை மாணவர்க்குக் காட்டும் நாம், அப்படத்திலிருந்து அகற்றப்பட்ட மனிதரைப் பற்றியும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.