வெளிநாட்டு இணையத்தளங்களில் விமான டிக்கெட்: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

செனாய்: தீபாவளி, ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை, தமிழகத்தில் உறவினர் வீட்டுக் கல்யாணம், குலதெய்வக் கோயில் திருவிழா என்று செனாய், கூலாய், ஸ்கூடாய் வட்டாரத் தமிழர்கள் விமானம் ஏறக் காரணங்கள் பல. நால்வர் கொண்ட குடும்பம் திருச்சிக்கோ சென்னைக்கோ போய் வர ஆகும் செலவு, தோட்டத் தொழிலாளர் ஒருவரின் பல மாதச் சேமிப்பு. அதனால் விலை குறைவாகக் காட்டும் வெளிநாட்டுப் பதிவுத் தளங்களின் பக்கம் பலர் திரும்புகின்றனர். அங்கே மிச்சம் பிடிக்க முடியும். ஆனால் எதில் மிச்சம், எதில் நட்டம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

விலை ஏன் மாறுகிறது?

ஒரே விமானத்தில், ஒரே வகுப்பில், பக்கத்துப் பக்கத்து இருக்கைகளுக்கும் வெவ்வேறு விலை உண்டு. விமான நிறுவனங்கள் இருக்கைகளைப் பல கட்டண அடுக்குகளாகப் பிரித்து விற்கின்றன. மலிவான அடுக்கு தீர்ந்ததும் அடுத்த அடுக்கின் விலைதான் கிடைக்கும். நால்வருக்குச் சேர்த்துத் தேடும்போது மலிவு அடுக்கில் மூன்று இடங்களே மீதமிருந்தால், பல தளங்கள் நால்வருக்குமே கூடுதல் விலையைக் காட்டும். ஒருவருக்கு மட்டும் தேடிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

அடுத்த காரணம், விற்கும் நாடு. ஒரே பயணத்துக்கு மலேசியாவில் ஒரு விலையும் இந்தியாவில் ஒரு விலையும் வைக்க விமான நிறுவனங்களால் முடியும். நாணய மாற்று விகிதமும் இதில் சேர்ந்துகொள்கிறது. மூன்றாவது காரணம் பதிவுத் தளங்களின் போட்டி. அமெரிக்காவின் எக்ஸ்பீடியா, இந்தியாவின் மேக்மைடிரிப், இந்தோனேசியாவின் டிராவலோகா போன்றவை டிக்கெட்டை விற்கும் முகவர்கள். வாடிக்கையாளரை இழுக்கத் தங்கள் இலாபத்தைக் குறைத்துக்கொண்டு சலுகை தருவதும் உண்டு. ஸ்கைஸ்கேனர், கூகுள் ஃபிளைட்ஸ் ஆகியவை முதன்மையாக விலைகளை ஒப்பிட்டுக் காட்டுபவை. அங்கிருந்து வேறு தளத்துக்குப் போய்த்தான் பணம் கட்ட வேண்டியிருக்கும். அந்தத் தளம் யாருடையது என்று பார்ப்பது முதல் வேலை.

இந்தியத் தளங்களில் பெரிதாகக் காட்டப்படும் தள்ளுபடிகளில் பல, இந்திய வங்கி அட்டைகளுக்கு மட்டுமே உரியவை. மலேசிய அட்டையைப் போட்டதும் அந்த விலை மறைந்துவிடும்.

எந்த விலையை ஒப்பிடுவது?

முதல் பக்கத்தில் தெரியும் விலையை ஒப்பிடக்கூடாது. பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் வரும் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு வெளிநாட்டுத் தளம் 620 ரிங்கிட் கேட்கிறது. அதே பயணத்தை விமான நிறுவனம் தன் சொந்தத் தளத்தில் 20 கிலோ பயணப்பெட்டியுடன் 680 ரிங்கிட்டுக்குத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டு விலையில் பெட்டி சேரவில்லை. அதற்குத் தனியாக 110 ரிங்கிட். வங்கி 2 விழுக்காடு வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் பிடித்தால் 12 ரிங்கிட் 40 சென். மொத்தம் 742 ரிங்கிட் 40 சென். மலிவு என்று நினைத்தது 62 ரிங்கிட் 40 சென் கூடுதலாகிவிட்டது. கைப்பையோடு மட்டும் போகிறவருக்கோ அதே தளம் இலாபம்தான்.

விலை ரிங்கிட்டில் காட்டப்பட்டாலும், பணம் பெறும் நிறுவனம் வெளிநாட்டில் பதிவு பெற்றதாக இருந்தால் சில வங்கிகள் அந்தக் கட்டணத்தைப் பிடிக்கும். ‘உங்கள் நாணயத்திலேயே செலுத்தலாம்’ என்று தளம் கேட்டால், அது போடும் மாற்று விகிதம் பெரும்பாலும் வங்கி விகிதத்தைவிட மோசமாகவே இருக்கும்.

அரசு வரிகளில் எந்தத் தளமும் தள்ளுபடி தர முடியாது. 2019 செப்டம்பர் 1 முதல் மலேசியாவிலிருந்து விமானத்தில் வெளிநாடு செல்பவருக்குப் புறப்பாட்டு வரி உண்டு. சிக்கன வகுப்பில் ஆசியான் நாடுகளுக்கு 8 ரிங்கிட். இந்தியா உட்பட மற்ற நாடுகளுக்கு 20 ரிங்கிட்.

செனாய், கேஎல்ஐஏ, சாங்கி

செனாயில் 1974-இல் திறக்கப்பட்ட விமான நிலையம் வீட்டுக்கு அருகில் இருந்தாலும், தமிழகம் செல்வோர் கோலாலம்பூர் கேஎல்ஐஏவையும் சிங்கப்பூர் சாங்கியையும் சேர்த்தே கணக்குப் போடுகின்றனர். சாங்கியில் டிக்கெட் மலிவாகத் தெரிந்தாலும், பாலம் கடக்கும் பேருந்துச் செலவு, குடிநுழைவுச் சோதனையில் ஆகும் நேரம், பெட்டிகளோடு அலையும் சிரமம் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். அங்கிருந்து புறப்படும் பயணிக்கான கட்டணங்களும் வரிகளும் 2024 ஏப்ரல் 1 முதல் 65.20 சிங்கப்பூர் வெள்ளி. இது டிக்கெட் விலைக்குள்ளேயே அடங்கும்.

பெரிய ஆபத்து, தனித்தனி டிக்கெட். செனாயிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு நிறுவனம், அங்கிருந்து திருச்சிக்கு வேறொரு நிறுவனம் என்று சில தளங்கள் இரண்டையும் ஒட்டி ஒரே பயணம்போல் விற்கின்றன. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பு இல்லை, புது டிக்கெட்தான். பெட்டியையும் கோலாலம்பூரில் எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். கேஎல்ஐஏவில் முதல் முனையமும் ஏர் ஆசியா பயன்படுத்தும் இரண்டாம் முனையமும் வேறு வேறு கட்டடங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இரயிலிலோ பேருந்திலோ போக வேண்டும். இத்தகைய பயணத்தில் இடைவெளி குறைந்தது ஐந்தாறு மணி நேரமாவது இருப்பது நல்லது.

பெயரில் கவனம்

வெளிநாட்டுத் தளங்களில் மலேசியத் தமிழர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் பெயர்தான். கடப்பிதழில் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்று தந்தை பெயருடன் சேர்ந்து ஒரே வரியில் இருக்கும். தளமோ முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டும், சாய்கோட்டையும் ஏற்காது. பொதுவான வழக்கம், சொந்தப் பெயரை முதல் கட்டத்திலும் தந்தை பெயரை இரண்டாம் கட்டத்திலும் சாய்கோடு இல்லாமல் எழுதுவது. ‘ஏஎல்’, ‘ஏபி’ எழுத்துகளைச் சேர்ப்பதா விடுவதா என்பதை அந்தந்த விமான நிறுவனத்தின் விதியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். எழுத்துகள் கடப்பிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயர், சுருக்கிய பெயர் கூடாது. முகவர் தளத்தில் வாங்கிய டிக்கெட்டில் பெயரைத் திருத்த, தளம் ஒரு கட்டணமும் விமான நிறுவனம் ஒரு கட்டணமும் கேட்கக்கூடும்.

தாமதமானால், இரத்தானால்

மலேசிய வான் போக்குவரத்துப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதித்தொகுப்பு 2016 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. அதனைக் கொண்டுவந்த மாவ்கோம் ஆணையம், 2025 ஆகஸ்டு 1 முதல் காம் எனப்படும் மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையத்துடன் இணைக்கப்பட்டது. விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் பயணிக்கு உணவு தர வேண்டும். ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆகி, இரவு தங்க நேர்ந்தால் தங்குமிடமும் தர வேண்டும். 2024 செப்டம்பர் 2 முதல், ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் பயணத்தைக் கைவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பணம் கட்டிய வழியிலேயே 30 நாள்களுக்குள் அது திரும்ப வேண்டும். சாங்கியிலிருந்து நேரே இந்தியா செல்லும் பயணத்துக்கு இந்த விதிகள் பொருந்தா.

டிக்கெட்டை எங்கே வாங்கியிருந்தாலும் உணவும் தங்குமிடமும் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. ஆனால் பணத்தைத் திரும்பப் பெறுவது வேறு கதை. நிறுவனம் பணத்தை முகவர் தளத்துக்கே அனுப்பும். அங்கிருந்துதான் பயணிக்கு வர வேண்டும். தளத்துக்கு மலேசியாவில் அலுவலகம் இல்லையென்றால் மின்னஞ்சலில் துரத்துவதே வழி. 50,000 ரிங்கிட் வரையிலான வழக்குகளை ஏற்கும் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இங்கு இருந்தாலும், வெளிநாட்டுத் தளத்திடம் தீர்ப்பை நிறைவேற்றுவது எளிதல்ல.

இங்கேதான் கடன்பற்று அட்டை உதவுகிறது. வாங்கிய சேவை கிடைக்கவில்லை என்றால், கட்டணத்தைத் திருப்பித்தர வங்கியிடம் முறையிடலாம். 2023 அக்டோபர் 12-இல் மைஏர்லைன் திடீரெனச் சேவையை நிறுத்தியபோது, அட்டையில் பணம் கட்டியிருந்தோருக்கு இந்த வழி இருந்தது. வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பியவருக்கு அந்த வழி இல்லை.

வாங்கும் முன், வாங்கிய பின்

• தளத்தின் முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்க்கவும். சமூக ஊடக விளம்பரத்தைத் தட்டிப் போய்ப் பணம் கட்ட வேண்டாம்.

• அதே பயணத்தின் விலையை விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்திலும் பார்க்கவும். வித்தியாசம் சிறிதாக இருந்தால் நிறுவனத்திடமே வாங்குவது மேல்.

• தனிநபரின் வங்கிக் கணக்குக்குப் பணம் கேட்டால் விலகவும். உள்ளூர் முகவரிடம் வாங்கினால் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிம எண்ணையும் இரசீதையும் கேட்கவும்.

• சொந்தக் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுக்கவும். நேர மாற்ற அறிவிப்பு முகவரோடு நின்றுவிடக்கூடாது.

• டிக்கெட் வந்ததும் ஆறு எழுத்து, எண் கொண்ட பதிவுக் குறியீட்டை விமான நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்க்கவும். அங்கே பயணம் தெரியாவிட்டால் அன்றைக்கே தளத்தைத் தொடர்புகொள்ளவும்.

• பயணம் செய்யாவிட்டாலும் விமான நிலையக் கட்டணத்தையும் வரிகளையும் திரும்பக் கேட்கலாம். பலர் கேட்பதே இல்லை.

• ஏமாந்தது தெரிந்தால் காலம் தாழ்த்தாமல் வங்கியையும் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணையும் அழைத்து, காவல் நிலையத்தில் புகார் செய்யவும்.

வயதானவர்கள், கைக்குழந்தையோடு செல்பவர்கள், துக்க காரியத்துக்கு அவசரமாகப் புறப்படுபவர்கள் ஆகியோருக்கு மாற்ற வசதியுள்ள நேரடி டிக்கெட்டே ஏற்றது. நாள் முன்பின் ஆனாலும் பரவாயில்லை, கைப்பை போதும் என்பவர்களுக்கு வெளிநாட்டுத் தளங்களில் உண்மையிலேயே மிச்சம் உண்டு.