ஒரு லென்ஸ், ரெண்டு கணக்கு

ஏற்காடு லேடீஸ் சீட்ல நின்னு, கீழே தெரியற சேலத்தை ஒரு பழைய லைக்காவில் எடுக்கறீங்கன்னு வெச்சுக்குவோம். லென்ஸ் மட்டும் சோவியத் ஜூபிட்டர்-8. ஊர் பளிச்சுனு விழும். அடுத்து, காபிச் செடி பக்கத்தில் ஒரு மீட்டர் தூரத்தில் நண்பர். கண்ணுக்கு வெச்ச ஃபோகஸ் காதுல போய் நிக்கும்! கொடுத்த காசு போச்சா? அவசரப்படாதீங்க, கதை 1932-ல் ஆரம்பிக்குது.

அந்த வருஷம் ஜெர்மனியில் லைக்கா II, காண்டாக்ஸ் என ரெண்டு போட்டிக் கேமராக்கள் வந்தன. ரெண்டிலும் லென்ஸைத் திருப்பினா ரேஞ்ச்ஃபைண்டரும் கூடவே நகரும். ரெண்டு பேரும் '50 மி.மீ.'ன்னுதான் சொன்னாங்க, ஆனா லைக்காவின் கணக்கு 51.6, காண்டாக்ஸின் கணக்கு 52.4.

போர் முடிந்ததும் காண்டாக்ஸ் இயந்திரங்கள் இழப்பீடாக சோவியத் யூனியனுக்குப் போயின. சைஸ் கம்பெனியின் சோனார் லென்ஸ் அங்கே ஜூபிட்டர் ஆனது. அதை லைக்கா மாதிரியான ஸோர்கி கேமராவுக்கும் செய்தார்கள். மரை லைக்காவுடையது, கணக்கு காண்டாக்ஸுடையது.

தூரத்தில் வித்தியாசம் தெரியாது. ஒரு மீட்டரில் லென்ஸ் வெளியே வர வேண்டியதில் 0.1 மி.மீ.க்கும் கொஞ்சம் குறையும். ஃபோகஸ் சுமார் 3 செ.மீ. பின்னால போயிடும்.

அதனால, தூரமும் மங்கலா இருந்தா மெக்கானிக்கிட்ட காட்டுங்க. கிட்டத்தில் மட்டும்னா, ஃபோகஸ் வெச்ச பிறகு 3 செ.மீ. பின்னால சாயுங்க, இல்லைன்னா எஃப் 5.6-ல் எடுங்க. லென்ஸ் கெட்டுப்போகலை, அது இன்னும் பழைய கம்பெனியின் கணக்கிலேயே ஓடுது.