சலரோகமும் பரம்பரையும்: ஒஸ்லோவிலிருந்து ஒரு பார்வை

என் அம்மாவுக்குச் சலரோகம். அவருடைய தகப்பனாருக்கும் இருந்தது. ஊரில் அதனைச் 'சீனி வருத்தம்' என்பார்கள். சில காலத்துக்கு முன் ஒஸ்லோவில் என் குடும்ப வைத்தியர், எனது இரத்தத்திலும் சீனி எல்லையைத் தொட்டுவிட்டது என்றார். "இது எங்கள் பரம்பரைச் சொத்து" என்று வீட்டில் பகிடியாகச் சொன்னேன். மகள் சிரிக்கவில்லை. "அப்ப எனக்கும் வருமா அப்பா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை தேடி வாசித்தவற்றையே இங்கு தொகுத்துத் தருகிறேன்.

ஒஸ்லோவில் கண்டது

ஒஸ்லோவின் கிழக்குப் புறத்தில், எம்மவர் பலரும் வாழும் ரொம்ஸோஸ், ஃபூருசெத் பகுதிகளில் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. வைத்தியர் அன்னே கரென் யேனும் குழுவினர் அதன் முடிவுகளை 2005இல் வெளியிட்டனர். 30 முதல் 59 வயது வரையான தெற்காசியப் பெண்களில் 27.5 சதவீதத்தினருக்கும், ஆண்களில் 14.3 சதவீதத்தினருக்கும் நீரிழிவு இருந்தது. அதே இடத்தில் வாழ்ந்த மேற்கத்தியரில் பெண்களுக்கு 2.9 சதவீதம், ஆண்களுக்கு 5.9 சதவீதம் மட்டுமே. ஒரே நகரம், ஒரே குளிர், ஒரே கடைகள். ஆகவே இரத்தத்தில்தான் ஏதோ இருக்கிறது என்று எண்ணத் தோன்றுவது இயல்பே.

மரபணுக்கள் சொல்வது

இரண்டாம் வகை நீரிழிவுக்கு ஒற்றை மரபணு காரணமல்ல. ஒவ்வொன்றும் சிறிதளவே பங்களிக்கும் நூற்றுக்கணக்கான மரபணு மாற்றங்கள் சேர்ந்தே ஒருவரின் அபாயத்தை ஏற்றியோ இறக்கியோ விடுகின்றன. இவற்றுள் பொதுவாகக் காணப்படுபவற்றில் வலிமையானது, 2006இல் ஐஸ்லாந்து ஆய்வாளர் அறிவித்த டி.சி.எஃப்.7.எல்.2 மரபணுவில் உள்ளது. அது கணையம் இன்சுலின் சுரக்கும் திறனைக் குறைக்கிறது. அதன் ஒரு பிரதி இருந்தால் அபாயம் ஏறத்தாழ 1.4 மடங்காகிறது. அடுத்த ஆண்டே புனேயிலும் சென்னையிலும் நடந்த ஆய்வுகள் இந்தியரிடமும் அதே தொடர்பைக் கண்டன. ஆனால் கிழக்காசியரிடம் அந்த மாற்றம் மிக அரிது.

எல்லா மரபணுவும் எல்லோரிடமும் ஒன்றுபோல் நடப்பதில்லை. பி.பி.ஏ.ஆர்.ஜி. மரபணுவின் ஒரு மாற்றம் ஐரோப்பியரை நீரிழிவிலிருந்து ஓரளவு காக்கிறது. சென்னையில் வாழும் இந்தியரையும் அமெரிக்காவின் டாலஸ் நகரில் குடியேறிய தெற்காசியரையும் ஆராய்ந்து 2006இல் வெளிவந்த ஆய்வு, அந்தப் பாதுகாப்பு நமக்குக் கிடைப்பதில்லை என்று காட்டியது. மறுபுறம், கிரீன்லாந்து இனுவிட் மக்களிடம் 2014இல் கண்டறிந்த ஒரு மாற்றத்தைத் தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பெற்றவருக்கு அபாயம் சுமார் பத்து மடங்கு.

இங்கே ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இத்துறையின் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையவை. இலங்கையரும் உள்ளிட்ட தெற்காசியரை ஆராய்ந்து ஆறு புதிய மரபணுப் பகுதிகள் 2011இல் அறிவிக்கப்பட்டன. 2024இல் வெளியான, 25 இலட்சம் பேரை உள்ளடக்கிய பன்னாட்டு ஆய்வு, அறியப்பட்ட பகுதிகளை 611 ஆக உயர்த்தியது. ஆயினும் ஐரோப்பியத் தரவைக் கொண்டு கணித்த 'மரபணு மதிப்பெண்' நம்மிடம் அதே துல்லியத்துடன் பலிப்பதில்லை. எச்சிலை அனுப்பிச் சோதிடம் கேட்பதுபோல் அதை நம்பிவிட வேண்டாம்.

அதே பரம்பரை, வேறு வாழ்வு

பரம்பரை மட்டுமே காரணம் என்றால், அதே பரம்பரையினர் எங்கு வாழ்ந்தாலும் ஒரே அளவில் நோயுற வேண்டும். அப்படி நடக்கவில்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பீமா பூர்வகுடியினரில் 38 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. எல்லைக்கு அப்பால் மெக்சிக்கோ மலைப்பகுதியில் உழைத்து வாழும் அவர்களது உறவினரில் ஏழு சதவீதமே என்று 2006இல் அறியப்பட்டது.

இதைவிட நமக்கு அருகிலான சான்று சென்னையில் உண்டு. வைத்தியர் அ. இராமச்சந்திரன் குழுவினர், சீனி அளவு எல்லையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினர் நோயாளிகளாயினர். உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் 39.3 சதவீதம். இதுவும் 2006இல் வெளியானது. அதே மரபணுக்கள்தான். கடிகாரம் முற்றாக நின்றுவிடவில்லை, ஆனால் மெதுவானது.

நாம் செய்யக்கூடியது

நம்மவர் மெலிந்திருந்தாலும் வயிற்றில் கொழுப்புச் சேர்வது உண்டு. எனவேதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல், ஆசியருக்கு உடற்பருமன் சுட்டெண் 23ஐத் தாண்டும்போதே கவனம் வேண்டும் என்றது. "நான் மெல்லிசுதானே" என்று இருந்துவிடக் கூடாது. பெற்றோருக்கோ சகோதரருக்கோ நோய் இருந்தால், வைத்தியர் கேட்கும்வரை காத்திராமல் நாமே சொல்லி, எச்.பி.ஏ.1.சி. எனப்படும் நீண்டகாலச் சீனிச் சோதனையைக் கேட்டுச் செய்வித்துக்கொள்ளலாம். நோர்வேயின் அளவையில் அது 48ஐ எட்டினால், அதாவது பழைய அளவையில் 6.5 சதவீதமானால், நீரிழிவு எனக் கொள்வர். கர்ப்பகாலத்தில் சீனி ஏறியிருந்த பெண்கள் பிள்ளைப்பேற்றுக்குப் பின்னரும் சோதனையைத் தொடர வேண்டும்.

மகளுக்கு இப்படித்தான் விடை சொன்னேன்: "வரலாம். மற்றப் பிள்ளைகளைவிட உனக்குச் சாத்தியம் கூட. ஆனால் வந்தே தீரும் என்று எந்த மரபணுவிலும் எழுதியில்லை." இப்போது எங்கள் வீட்டில் சோற்றுக் கோப்பை சிறியது. ஞாயிறுகளில் சொங்ஸ்வான் ஏரியை இருவரும் ஒரு சுற்று நடந்து வருகிறோம். அம்மாவிடமிருந்து எனக்கு வந்ததை மாற்ற முடியாது. என்னிடமிருந்து அவளுக்குப் போகும் பழக்கத்தையாவது மாற்றலாம் அல்லவா?