சர்க்கரை நோயாளிக்கு விழித்திரைப் பரிசோதனை: மறிப்பவை எவை?

நீரிழிவு விழித்திரை நோய் வலியின்றி வளர்வது. சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிதைந்து கசியும். பார்வை மங்குவதை நோயாளி உணரும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். ஆகவேதான் இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்டவுடன் ஒருமுறையும், பின்னர் பொதுவாக ஆண்டுதோறும் விழித்திரையைச் சோதிக்குமாறு மருத்துவர்கள் வற்புறுத்துகின்றனர்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. வரவேற்கத்தக்கதே. விழித்திரைப் பரிசோதனைக்கோ பெரும்பாலும் நகரத்து மருத்துவமனைக்குத்தான் செல்ல வேண்டும். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து இட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், வெயில் கூசும். அன்று களையெடுக்கவோ தெருக்கூட்டவோ இயலாது. துணைக்கு வருபவரின் கூலியும் போகும். இலவசப் பரிசோதனையின் உண்மை விலை இருவரின் நாட்கூலியும் பேருந்துக் கட்டணமும். விடுப்பெடுத்தால் ஊதியம் இழக்கும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர், இன்னும் நன்றாகத் தெரிகிற கண்ணுக்காக அதைச் செலவிடத் தயங்குகிறார். இதை ‘விழிப்புணர்வின்மை’ என்று எழுதும் அறிக்கைகள் அவருடைய வரவுசெலவைப் பார்ப்பதில்லை.

மற்றொன்று, தொடுதல். இமையைப் பிடித்து விரிக்காமல், முகத்தருகே முகம் வைக்காமல் கண்ணைச் சோதிப்பது அரிது. காலனி என்னும் முகவரியைக் கேட்டதும் குரல் மாறும் இடத்துக்கு, ஒருமுறை அவமதிக்கப்பட்டவர் அடுத்த ஆண்டு செல்வாரா?

இங்கே சட்டம் அறியத்தக்கது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த பிரிவு, பட்டியல் சாதியினர் மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ நுழைவதைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. அதிகம் பயன்படுத்தப்படாத குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1955இன் 5ஆம் பிரிவு ஒருபடி மேலே செல்கிறது: உள்ளே அனுமதித்த பின் தீண்டாமையின் பேரில் பாகுபாடு காட்டுவதும் குற்றம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் எனில், மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை அச்செயல் தீண்டாமையின் பேரிலேயே நிகழ்ந்ததென நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. புகார் எழுதுவோர் நாள், நேரம், வெளிநோயாளிச் சீட்டு எண், உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றை அன்றே குறித்துக்கொள்ளல் வேண்டும்.

எனினும், இழந்த கூலிக்கு இவ்விரு சட்டங்களிலும் விடையில்லை. அதற்குக் கோரிக்கைதான் வழி: பெரும்பாலோருக்குச் சொட்டு மருந்தின்றியே விழித்திரையைப் படமெடுக்கும் கருவி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வேண்டும், ஒப்பந்தப் பணியாளருக்குப் பரிசோதனை நாளில் ஊதியத்துடன் விடுப்பு வேண்டும். ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே உள்ளாட்சி அமைப்பு இரண்டாவதை நிபந்தனையாக்கலாம்.