உள்ளே இருக்கிற தழும்பு

சிசேரியன் ஆனவங்களைப் பார்க்கப் போனா எல்லாரும் கேட்கிற கேள்வி, "தையல் ஆறிடுச்சா?" அது வயித்து மேல இருக்கிற தையல். நான் இன்னைக்குப் பேசப்போறது உள்ளே, கர்ப்பப்பையில் இருக்கிற தழும்பைப் பத்தி.

19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரைக்கும் டாக்டர்கள் குழந்தையை எடுத்துட்டு கர்ப்பப்பையைத் தைக்காமலே விட்டாங்க. தானா சுருங்கி மூடிக்கும்னு நம்பிக்கை. பெரும்பாலான தாய்மார்கள் ரத்தப்போக்குலயோ தொற்றுலயோ இறந்தாங்க. 1876-ல் இத்தாலியில் எதுவார்தோ போர்ரோ கர்ப்பப்பையையே வெட்டி எடுத்தார். தாய் பிழைச்சாங்க, ஆனா இன்னொரு குழந்தைக்கு வழியில்லை. 1882-ல் ஜெர்மனியின் மாக்ஸ் ஸேங்கர், வெள்ளிக் கம்பியும் பட்டு நூலும் வச்சு கர்ப்பப்பையைத் தைக்கலாம்னு எழுதினார். கர்ப்பப்பை தப்பிச்சது. கூடவே தழும்பும் தங்கிடுச்சு.

அடுத்த பிரசவ வலியில் அந்தத் தழும்பு பிரியலாம். அதனாலதான் 1916-ல் நியூயார்க் டாக்டர் எட்வின் கிராகின், ஒருமுறை சிசேரியன்னா எப்பவும் சிசேரியன்தான்னு எழுதினார். பலரும் இதை விதியா எடுத்துக்கிட்டாங்க. அவர் சொல்ல வந்தது வேற: அதனால முதல் சிசேரியனையே யோசிச்சுப் பண்ணுங்க.

1920-களில் கிளாஸ்கோவின் மன்றோ கெர், கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்கே வெட்டும் முறையைப் பரப்பினார். இந்தத் தழும்பு அவ்வளவு சுலபமா பிரியாது. இப்படி ஒரு சிசேரியன் ஆனவங்க அடுத்து சுகப்பிரசவத்துக்கு முயற்சி பண்ணும்போது, சுமார் 200 பேரில் ஒருத்தருக்குத்தான் அது நடக்குது.

இன்னொரு ஆபத்து நஞ்சுக்கொடி. அது தழும்புல ஆழமா ஒட்டிக்கிட்டா பிரசவத்துல பிரியாது. கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம். 2006-ல் சுமார் 30,000 பெண்களை வச்சு அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருந்தவங்கள்ல, முதல் சிசேரியன்ல 3 சதவீதம் பேருக்கு இப்படி ஒட்டியிருந்தது. மூணாவதுல 40 சதவீதம்.

குழந்தைங்க விஷயத்துல, சிசேரியன்ல பிறந்தவங்களுக்கு ஆஸ்துமா கொஞ்சம் அதிகம்னு பல ஆய்வுகள் சொல்லுது. ஆபரேஷன்தான் காரணம்னு இன்னும் நிரூபணமாகல.

சிசேரியன் உயிரைக் காப்பாத்துது, அதுல சந்தேகமே இல்லை. ஆனா 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்துல கிட்டத்தட்ட 45 சிசேரியன். அதனால ஒரு வேலை சொல்றேன். வீட்டுல யாருக்காவது சிசேரியன் ஆகியிருந்தா டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமா வைங்க. உள்ளே எப்படி வெட்டினாங்கன்னு வெளித்தழும்பு காட்டாது. அடுத்த பிரசவத்துக்கு டாக்டர் முதல்ல கேட்கப்போறது அதைத்தான்.