எலும்பு வளர ஓட்டை வேணும்: பீங்கான் எலும்பின் கதை (த்ரெட்)

1) ஆர்த்தோ வார்டில் ஒரு அம்மா கேட்டாங்க: "ஏன் சார், எங்க வீட்டுக்காரர் கால் எலும்புக் குழியில இந்தச் சுண்ணாம்புத் தூளையா வைக்கப் போறீங்க?"

நியாயமான கேள்வி. கட்டியைச் சுரண்டி எடுத்த குழியை நிரப்ப, நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே கொஞ்சம் வெட்டி வைப்பதுதான் பழைய, நம்பகமான வழி. ஆனா அப்புறம் "கால்கூட பரவாயில்ல சார், இடுப்புதான் வலிக்குது" என்பவர்கள் உண்டு. அதனால்தான் மாற்று தேடினார்கள். அந்தத் தேடலுக்கு வயசு 130-க்கு மேல்.

2) 1892-ல் ஜெர்மனியின் டிரீஸ்மன் என்ற மருத்துவர், மாவுக்கட்டுக்குப் போடும் அதே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் எலும்புக் குழிகளை நிரப்பினார். சிக்கல் என்னன்னா, அது சில வாரங்களில் கரைந்துவிடும். எலும்பு நிரம்ப மாதக்கணக்கில் ஆகும்.

3) 1920-ல் அமெரிக்காவின் ஆல்பீ, மோரிசன் இருவரும் முயல்களின் எலும்பில் கால்சியம் பாஸ்பேட் வைத்துப் பார்த்தார்கள். எலும்பு சீக்கிரம் கூடியது. நம் எலும்பின் தாதுவும் ஒருவகை கால்சியம் பாஸ்பேட்தானே! ஆக, பொருள் கிடைத்துவிட்டது. ஆனா அதை எப்படிச் செய்வது என்பதில்தான் அடுத்த அரை நூற்றாண்டுக்கு மேல் போனது.

4) 1970-களில் ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற அந்தத் தாதுவின் பொடியை அழுத்தி, 1,000 டிகிரிக்கு மேல் சுட்டு, பீங்கான் கப் மாதிரி கெட்டியாகச் செய்தார்கள். எலும்பு அதன் மேல் நல்லா ஒட்டியது. உள்ளே போகல. ரத்தக்குழாய் நுழைய வழியே இல்லையே!

5) அதே காலகட்டத்தில் அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஹல்பர்ட் குழு வேறொரு பீங்கானில் பல அளவு துளைகள் வைத்துச் சோதித்தது. முழுசா இறுகிய எலும்பு உள்ளே வளர, துளைகளை இணைக்கும் வழி சுமார் 100 மைக்ரான் அகலம் இருக்கணும். ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். அதைவிட ரொம்பக் குறுகினால் வெறும் நார்த்திசுதான் வரும்.

6) சரி, துளை போடுவது எப்படி? பொடியோடு அந்துருண்டைத் தூள் மாதிரி ஆவியாகிப் போகும் பொருளைக் கலந்து சுட்டால், அது இருந்த இடம் ஓட்டையாகும். ஆனா இட்லியில் இருக்கிற மாதிரி தனித்தனிக் கண்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழி கிடையாது. கலவையைக் கூட்டினால் வழி கிடைக்கும், துண்டு நொறுங்கும்.

7) விடை கடலில் இருந்தது. 1974-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராய், லின்னஹன் இருவரும் பவளத்தை அம்மோனியம் பாஸ்பேட் கரைசலில் போட்டு, அதிக அழுத்தத்தில் சூடாக்கினார்கள். கால்சியம் கார்பனேட், ஹைட்ராக்ஸிஅபடைட்டாக மாறியது. பவளத்தின் துளைகள் அப்படியே நின்றன! போரைட்டஸ் பவளத்தில் துளை சுமார் 200 மைக்ரான், கோனியோபோராவில் சுமார் 500. எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தவை. 1992-ல் அமெரிக்காவில் இதற்கு அரசு அனுமதி கிடைத்தது.

8) பவளம் இல்லாமலும் வழி உண்டு. ஸ்பாஞ்சைப் பீங்கான் குழம்பில் முக்கிப் பிழிந்து சுடுவது. 1963-லேயே இதற்குக் காப்புரிமை உண்டு. ஸ்பாஞ்ச் எரிந்துபோகும், வழிகள் மிஞ்சும். குறை: ஸ்பாஞ்ச் இருந்த இடத்தில் ஒவ்வொரு கம்பியும் உள்ளே பொள்ளலாகி, எளிதில் உடையும். இப்போ 3டி பிரிண்டிங்கில் துளையை வரைந்தே செய்கிறார்கள்.

9) எந்த முறையானாலும் கடைசியில் சூளைதான் முடிவு செய்யும். சூடு குறைந்தால் கையில் உதிரும். கூடினால் பலம் வரும், ஆனா நுண்துளைகள் மூடிக்கொள்ளும், உடம்பில் கரைவது தாமதமாகும். இன்னும் கூடி 1,300 டிகிரியைத் தாண்டினால் தாதுவே சிதைய ஆரம்பிக்கும்.

10) அதனால பாக்கெட்டில் ஒரே ரசாயனப் பெயர் இருந்தாலும் இரண்டும் ஒரே பொருள் கிடையாது. துளை அளவு என்ன, எப்படிச் செய்தது என்று பார்த்துத்தான் வாங்கணும்.

அந்த அம்மாவுக்கு நான் சொன்னது: "சுண்ணாம்பு மாதிரிதான்மா இருக்கும். அதுல இருக்கிற ஓட்டை வழியா அவரோட சொந்த எலும்பு உள்ள வளரும். ஆனா அதுவரைக்கும் இது எடை தாங்காது. நாங்க சொல்ற வரை கால் ஊன வேண்டாம்னு சொல்லுங்க."

இதை மட்டும் மறக்காதீங்க மக்களே. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க.