ரஸ்தாளிக்கு இரண்டு பிறந்தகம்

செமினிப் பாசாரில் வாழைச் சீப்பை விலை பேசும் நம்மவர் பலருக்கும், வாழை நம் பாட்டன்மார் கப்பலில் கொண்டுவந்த பயிர் என்றே நினைப்பு. அது பாதி உண்மைதான். வாழையின் மூதாதையருள் ஒருவர் இந்த மலாயாக் காட்டுக்கே சொந்தம்.

தீபகற்பத்தின் காட்டோரங்களில் இன்றும் காட்டு வாழை வளர்கிறது. விரல் பருமனுள்ள அதன் பழத்தை உரித்தால் சதை கொஞ்சம்தான்; மற்றதெல்லாம் பல்லுக்கு அசையாத கறுப்பு விதை. பகாங் பெயரைத் தாங்கிய இவ்வினச் செடி ஒன்றின் மரபணுத் தொகுதியைத்தான் அறிவியலாளர்கள் முதலில் படித்து, 2012இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர்.

விதை குறைந்து சதை மிகுந்த செடிகளை மனிதர் தேடித் தேடிப் பெயர்த்து நட்டனர். பப்புவா நியூகினியின் குக் சதுப்பு நிலத்தில் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பே வாழை பயிரானதற்குத் தடயம் உண்டு. மனிதரோடு மேற்கே போன இந்த இனம், வறட்சி தாங்கும் இன்னொரு காட்டினத்தோடு கலந்தது. அந்தக் கலப்பில் வந்தவையே ரஸ்தாளி, பூவன், மொந்தன் எல்லாம். ரஸ்தாளி இந்திய மண்ணில் உருவானது என்பதே பெரும்பாலோர் கருத்து. மலாய்க்காரரும் அதை 'பிசாங் ரஸ்தாலி' என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். நம் கற்பூரவள்ளி இங்கே 'பிசாங் அவாக்'. எண்ணெயில் பொரிந்து பிசாங் கோரேங் ஆவதில் அதற்கும் பங்குண்டு. கொம்பு போல் நீண்ட 'பிசாங் தண்டோக்' பொரித்துத் தின்னவே ஏற்றது. பூவை நாம் பொரியல் செய்கிறோம்; மலாய்க்காரர் தேங்காய்ப்பால் சேர்த்துக் கெராபு செய்கிறார்கள். தண்டைக் கூட்டாக்கி, இலையில் சோறிட்டு, மரம் முழுவதையும் பயன்படுத்துவதில் நமக்கு நிகர் நாமே என்பேன்.

விதையில்லாத வாழை இயல்பாகப் பக்கக்கன்றால் மட்டுமே பெருகுகிறது. அதனால் ஒரு ரகத்தின் மரங்கள் எல்லாம் ஒரே உடல். ஒன்றை வீழ்த்தும் நோய் அனைத்தையும் வீழ்த்தும். ஏற்றுமதிச் சந்தையை ஆண்ட 'குரோ மிஷேல்' ரகம் 1950களில் மண்ணில் வாழும் பூஞ்சையால் வரும் வாடல் நோய்க்குப் பலியானது. அதன் இடத்துக்கு வந்த கேவண்டிஷையும் அந்தப் பூஞ்சையின் புதிய வகை 1990களில் மலேசியத் தோட்டங்களில் தாக்கியது. ரஸ்தாளி அந்தப் பழைய வகைக்கே தாங்காது. அடியிலை மஞ்சளாகி ஒடிந்து தொங்கும். தண்டை வெட்டினால் உள்ளே செம்பழுப்புக் கோடுகள் தெரியும். அந்த மரத்தடிக் கன்றை அன்போடு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தால் நோயும் கூடவே போகும். ரஸ்தாளி வைக்க விரும்புவோர் நோயற்ற திசு வளர்ப்புக் கன்றாகப் பார்த்து வாங்கி, முன்பு வாழை வாடிய இடத்தைத் தவிர்த்து நடவேண்டும்.